செபக் கொப்பி

தங்கத்துரை பாஸ்ரர் நல்ல மனுஷன். அதில் யாருக்கும் சந்தேகமில்லை. கெட்டவனாக இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திராது. கெட்டவன் தன் அலுமாரித் திறப்பை யாரிடமாவது கொடுப்பானா?

கண்டி வீதியில், கப்பல்துறையில், தகரக் கூரை போட்ட சின்னச் சபை அவருடையது. முப்பத்திரண்டு குடும்பங்கள். சீனக்குடா கோதுமை மா ஆலையில் வேலை செய்கிறவர்கள், துறைமுகத்தில் நாட்கூலிக்குப் போகிறவர்கள், கடல்தொழில் செய்கிறவர்கள் என்று எல்லாம் கலந்த சனம். பதினொரு வருடத்தில் ஒரு குடும்பமாவது அந்தச் சபையை விட்டு விலகியதில்லை. திருகோணமலையில் இது சின்ன விஷயமில்லை. பாட்டுச் சரியில்லை என்று ஒரு சபையை விட்டு அடுத்ததற்கும், அங்கே மின்விசிறி சரியில்லை என்று அதற்கடுத்ததற்கும் குடைபிடித்துக்கொண்டு போகிற சனம் நிறைந்த ஊர் இது.

இந்தச் சங்கதி கொழும்பு வரைக்கும் போய்விட்டது. மார்கழி கடைசியில் ஒருநாள் யுகேந்திரன் பாஸ்ரர் ரெலிபோன் எடுத்தார். கொழும்பில் இரண்டாயிரம் பேர் கூடுகிற சபைக்கு மேய்ப்பர் அவர். வயது நாற்பதுதான் இருக்கும்; ஆனால் அவர் பிரசங்கம் கனடா வரைக்கும் நேரலையாகப் போகிறது.

"அண்ணை, என்ர சபையில ரெண்டாயிரம் பேர் இருக்கு. ஒருத்தருக்கு மற்றவரின்ர பேர் தெரியாது. சனம் வருது, கை தட்டுது, போகுது. உங்கட சபை ஒரு வீடு மாதிரி எண்டு எல்லாரும் கதைக்கினம். அது எப்பிடியெண்டு நான் வந்திருந்து படிக்கவேணும். மூண்டு கிழமை. மேடை வேண்டாம், பிரசங்கம் வேண்டாம். படுக்க ஒரு பாய் தந்தாப் போதும்."

இரண்டாயிரம் பேரின் மேய்ப்பர் முப்பத்திரண்டு குடும்பத்திடம் படிக்க வருகிறார்! பாஸ்ரருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. அவருடைய மனைவி சுலோஜனாவுக்குக் குளிரவில்லை.

"ரெண்டாயிரம் பேர் வைச்சிருக்கிறவருக்கு எங்களிட்டப் படிக்க என்ன கிடக்கு?" என்று கேட்டாள்.

"தாழ்மையான பிள்ளை, சுலோ. உமக்கு எல்லாத்திலயும் சந்தேகம்."

தை பிறந்ததும் யுகேந்திரன் வந்தார். சும்மா சொல்லக்கூடாது, வந்தவர் வந்தவர் மாதிரி இருக்கவில்லை. குசினியில் இருந்து வெங்காயம் உரித்தார். பாஸ்ரரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏறி வீடுவீடாக வந்தார். பிள்ளைகள் மாமா, மாமா என்று காலைச் சுற்றின.

சபையில் ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு வீட்டிலும் சமையலுக்கு அரிசி அளக்கும்போது அம்மாமார் ஒரு பிடியை எடுத்து ஒரு பேணியில் தனியாகப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பிடியரிசி எல்லாம் ஒரே கிடாரத்தில் விழும். ஆராதனை முடிந்து அந்தக் கஞ்சியைக் குடிக்காமல் ஒருவரும் வீட்டுக்குப் போகக்கூடாது. சண்டை பிடித்தவர்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்துதான் குடிக்க வேண்டும். யுகேந்திரன் அந்தக் கிடாரத்தைத் தன் கையாலேயே உரஞ்சிக் கழுவினார். கழுவிக்கொண்டே, "இதுதான் அண்ணை திருச்சபை," என்று சொன்னபோது அவர் கண் கலங்கியது. பார்த்துக்கொண்டு நின்ற பாஸ்ரரின் கண்ணும் கலங்கியது.

ஆனால் சபையைக் கட்டி வைத்திருந்தது கஞ்சி மட்டுமில்லை. கஞ்சி குடித்து முடிந்ததும் ஒவ்வொருவராகப் பாஸ்ரரிடம் போவார்கள். மண்டபத்துக்குப் பின்னால் இரண்டு கதிரை போட்டிருக்கும். மனதில் கிடப்பதைச் சொல்வார்கள். அவர் மடியில் ஒரு தடித்த சீ.ஆர். கொப்பியை வைத்து எழுதுவார். புத்தி சொல்லமாட்டார், குறுக்கே கேட்கமாட்டார். எழுதி முடித்ததும், "செபிக்கிறன்," என்ற ஒரு சொல் மட்டும்தான் சொல்வார். சனத்துக்கு அது பிடித்திருந்தது. சொன்னது வெளியே போகாது என்று கப்பல்துறை முழுக்கத் தெரியும். விடியப்புறம் நாலு மணிக்கு அந்தக் கொப்பியை விரித்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் ஒவ்வொரு பெயராகச் சொல்லிச் செபிப்பார். பதினொரு வருடத்தில் ஒரு நாள் தவறவில்லை. கொப்பி அலுமாரிக்குள். திறப்பு அவர் சட்டைப்பையில். சுலோஜனாகூட அதன் மட்டையைத்தான் கண்டிருக்கிறாள்.

சில சங்கதிகள் எழுதவே பயமானவை. அப்படியானவற்றுக்குச் சொந்தப் பெயர் போடாமல் வேதாகமப் பெயர் ஒன்றைப் போட்டுவிடுவார். புருஷனிடம் அடிவாங்குகிற ஒரு பிள்ளைக்கு யாகேல் என்று பெயர் வைத்திருந்தார். கூடார முளையை எடுத்துப் படைத்தலைவனின் நெற்றிப்பொட்டில் அடித்து இறக்கிய பெண் அந்த யாகேல். இந்தப் பிள்ளையோ பூனைக்குட்டிக்குக்கூடக் கை ஓங்காது. அவளுடைய சொந்தப் பெயர் இங்கேயும் வேண்டாம், நடந்தது போதும்.

மூன்றாவது கிழமை பாஸ்ரருக்கு டெங்கு வந்தது. காய்ச்சல் நூற்றுநாலுக்குப் போய், நிற்க ஏலாமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஓட்டோ வாசலில் நின்றது. அந்த மனுஷனுக்கு அப்போது உயிரைப் பற்றிப் பயமில்லை. நாளை விடியப்புறம் கொப்பியை யார் விரிப்பது? பதினொரு வருடச் சங்கிலி அறுந்துவிடுமே! அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது, மறைக்கத் தேவையில்லை. ஓட்டோவில் ஏறுமுன் சட்டைப்பையிலிருந்து திறப்பை எடுத்து யுகேந்திரனின் கையில் வைத்தார்.

"தம்பி, நாலு மணிக்கு. ஒரு பக்கமும் விடாதேங்கோ."

யுகேந்திரன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

வார்ட்டில் சேலைன் ஏறும்போது சுலோஜனா கேட்டாள், "என்னட்டத் தந்திருக்கலாமே?"

"நீர் நாளைக்கும் அதுகளின்ர முகத்தில முழிக்கவேணும். ஒருத்தியின்ர கதையைப் படிச்சிட்டு அவளோட முந்தின மாதிரிக் கதைக்க ஏலுமே உமக்கு? அவர் ஊருக்குப் போற ஆள். அவரோட எல்லாம் போயிடும்."

எவ்வளவு யோசித்து எவ்வளவு பிழையாக முடிவெடுத்தார் பாருங்கள்! ஊருக்குப் போகிற ஆள் கையில் எதையும் கொண்டுபோகமாட்டான் என்று இவருக்கு யார் சொன்னது?

ஆறு நாளில் பாஸ்ரர் வீட்டுக்கு வந்தார். கொப்பி அதே இடத்தில் இருந்தது. அடுத்த கிழமை யுகேந்திரன் புறப்பட்டபோது முப்பத்திரண்டு குடும்பமும் வீதியில் நின்று கையசைத்தது. சிலர் அழுதார்கள்.

பங்குனியில் நகரம் முழுக்கச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. உட்துறைமுக வீதி மண்டபமொன்றில் மூன்று நாள் ஆசீர்வாதக் கூட்டம். செய்தி யுகேந்திரன் பாஸ்ரர். "அண்ணை, நீங்கள் முன்வரிசையில இருக்கவேணும். உங்களால வந்ததுதான் எல்லாம்," என்று அவரே ரெலிபோனில் சொன்னார். தங்கத்துரை பாஸ்ரர் ஒரு பஸ்ஸைப் பிடித்து, சபை முழுவதையும் தானே ஏற்றிக்கொண்டு போனார். "எங்கட வீட்டுப் பிள்ளை பேசுது, ஒருத்தரும் வீட்டில நிக்காதேங்கோ," என்று வீடுவீடாகச் சொல்லியும் வைத்தார். ஆடுகளை எண்ணி ஏற்றிக்கொண்டு போய் இறக்கிவிட்டவர் அவரேதான்.

அந்தப் பஸ்ஸில் முதல் ஆசனத்தில் யோகம்மா இருந்தாள். அறுபத்திரண்டு வயது, சீனி வருத்தக்காரி; நீரிழிவுக்குக் குளிசை போடுகிறவள். சபைக்குப் பின்னால் உள்ள வளவில் மகள் லக்சாயினியோடு இருக்கிறாள். மகன் வினோஜன் இரண்டாயிரத்துப் பன்னிரண்டில், பத்தொன்பது வயதில், அவுஸ்திரேலியாவுக்குப் போகிற படகொன்றில் ஏறினவன். அந்தப் படகைப் பற்றியோ அவனைப் பற்றியோ பிறகு ஒரு செய்தியுமில்லை. இது ஊருக்குத் தெரிந்த கதை. ஊருக்குத் தெரியாதது கொப்பியில் இருந்தது. கடலுக்குப் பயந்த பிள்ளை அவன். போக மாட்டேன் என்று அன்றைக்கு வாசல் நிலையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவனை, இஞ்ச இருந்து என்னத்தைக் காணப்போறாய் என்று கன்னத்தைப் பொத்தி அறைந்து, இழுத்து வெளியே விட்டவள் யோகம்மாதான். லக்சாயினி அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள். ஏழு வருடத்துக்கு முன் யோகம்மா இதைப் பாஸ்ரரிடம் மட்டும் சொன்னாள். அவர் எழுதினார். செபிக்கிறேன் என்றார்.

இரண்டாம் நாள் பின்னேரம் யுகேந்திரன் மேடையை விட்டு இறங்கி, கண்ணை மூடியபடி சனத்துக்குள் நடந்தார். கப்பல்துறையில் எங்கள் ஊர்ப் பேச்சுப் பேசின வாய், ஒலிவாங்கியைப் பிடித்ததும் தொலைக்காட்சித் தமிழுக்கு மாறியிருந்தது.

"கடலைப் பார்த்துக்கொண்டே வாழுகிற ஒரு தாயை ஆண்டவர் எனக்குக் காட்டுகிறார்!" என்று வந்து யோகம்மாவின் முன்னால் நின்றார். அவளுடைய வலக்கையைப் பிடித்து உயர்த்தினார். "அம்மா, அன்றைக்கு வாசலில் நின்ற பிள்ளைக்கு இந்தக் கை செய்தது என்னவென்று உங்களுக்குத் தெரியும், ஆண்டவருக்குத் தெரியும். இந்தக் கையை அவர் மன்னித்துவிட்டார்! உங்கள் மகன் உயிரோடிருக்கிறான். நாற்பது நாள் உபவாசமிருங்கள். நாற்பதாம் நாளுக்குள் அவன் குரலை உங்கள் காது கேட்கும்!"

யோகம்மா அப்படியே நிலத்தில் விழுந்துவிட்டாள். சனம் அல்லேலூயா என்று ஆர்ப்பரித்தது. எல்லாரையும்விடச் சத்தமாக ஆர்ப்பரித்தவர் தங்கத்துரை பாஸ்ரர். கன்னத்தால் கண்ணீர் ஓடியது அவருக்கு. அந்தச் சங்கதி எனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்தானே தெரியும், அப்படியானால் பேசுவது ஆண்டவரேதான் என்று நினைத்தார். திறப்பை வாங்கின ஆளை அந்த நேரம் மறந்தே போனார், பாவம்.

அதற்குப் பிறகு கப்பல்துறைக்காரர் இன்னும் நாலு பேருக்கு ஆண்டவருடைய வார்த்தை வந்தது. மகளுக்குக் குழந்தையில்லாத கவலை ஒருவருக்கு, கள்ளுக் குடியை விட ஏலாத கவலை இன்னொருவருக்கு. எல்லாம் அச்சுப் பிசகவில்லை. பாஸ்ரர் நெஞ்சில் கைவைத்துக்கொண்டு கேட்டிருந்தார்.

அப்போதுதான் யுகேந்திரன் நெற்றியைப் பிடித்துக்கொண்டு சொன்னார், "யாகேல்! இந்த மண்டபத்தில் யாகேல் என்றொரு சகோதரி இருக்கிறாள். மகளே, நீ வீட்டில் வாங்குகிற அடியை ஆண்டவர் காண்கிறார். எழுந்து வா, யாகேல்!"

ஒருவரும் எழும்பவில்லை. சனம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. யாகேல் என்று அந்த மாவட்டத்திலேயே ஒருத்தி இருப்பாளோ தெரியாது. அந்தப் பெயருக்குரியவள் மூன்று வரிசைக்குப் பின்னால், புருஷனுக்குப் பக்கத்தில், மற்றவர்களோடு சேர்ந்து தானும் யாரது யாகேல் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேரலையில், வெளிநாட்டிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறாள்!" என்றார் யுகேந்திரன், ஒரு நொடியும் தடுமாறாமல். அதற்கும் அல்லேலூயா.

தங்கத்துரை பாஸ்ரரின் வாய் அரைவாசி திறந்தபடி நின்றுபோனது. கள்ளனுக்குத் தேள் கொட்டினால் கத்த ஏலாது என்பார்கள். களவு கொடுத்தவனுக்கே கொட்டினால் என்ன செய்வது? எழும்பிக் கத்தலாம்தான். பொய், பொய், இது என் கொப்பி என்று கத்தலாம். உடனே அந்த முப்பத்திரண்டு குடும்பமும் இவர் பக்கம் திரும்பி, அந்தக் கொப்பி எப்படி அவன் கைக்குப் போனது என்று கேட்கும். அவர் எழும்பவில்லை. பஸ்ஸில் வரும்போது எல்லாரும் கைதட்டிப் பாடிக்கொண்டு வந்தார்கள். அவர் யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை பாஸ்ரர், யுகேந்திரன் தங்கியிருந்த விடுதிக்குப் போனார். அங்கே யுகேந்திரன் இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"வாங்கோ அண்ணை! இருங்கோ, ஒரு தட்டுப் போடச் சொல்லுறன்."

"தம்பி, யாகேல் எண்டது ஆர்?"

"ஆர் அண்ணை?"

"நேற்றுக் கூப்பிட்டியளே, யாகேல் எண்டு. அது நான் வைச்ச பேர். அப்பிடி ஒருத்தி என்ர கொப்பியில மட்டும்தான் இருக்கிறாள்."

யுகேந்திரன் கையைக் கழுவினார். கதவைச் சாத்திவிட்டு வந்து எதிரே அமர்ந்தார். மறுக்கவில்லை. மறுத்திருந்தாலாவது பாஸ்ரருக்கு ஒரு சின்ன ஆறுதல் இருந்திருக்கும்.

"ஓம் அண்ணை, படம் எடுத்து வைச்சனான். செபிக்கத்தான் எடுத்தனான். செபிக்கேக்க ஆண்டவர் அதுகளின்ர பாரத்தை எனக்கும் தந்தவர். அதில நான் சொன்ன ஒண்டாவது பொய்யே?"

"யோகம்மா அக்காவின்ர பெடியன் உயிரோட இருக்கிறான் எண்டு என்ர கொப்பியில எந்தப் பக்கத்தில கிடக்கு?"

"அது விசுவாசம் அண்ணை."

"அந்த மனிசிக்குச் சீனி வருத்தம். நாப்பது நாள் சாப்பிடாமல் கிடந்தாச் செத்துப்போகும், தெரியுமே? இண்டைக்கே வந்து, பிழையாச் சொல்லிப்போட்டன் எண்டு சொல்லுங்கோ."

"சனத்தின்ர விசுவாசத்தைக் கெடுக்க ஏலாது."

"நான் சொல்லுவன்."

"சொல்லுங்கோ. நான் மறிக்கேல்லை. ஆனா அவனுக்கு எப்பிடித் தெரியும் எண்டு சனம் கேக்கும். கொப்பியை ஆர் குடுத்தது எண்டும் நீங்கள்தான் சொல்லவேணும்." யுகேந்திரன் எழும்பி, அவர் தோளில் கைவைத்தார். "கோவிக்காதேங்கோ அண்ணை. உங்கட சபை எப்பிடி நிக்குதெண்டு படிக்கத்தானே வந்தனான். படிச்சிட்டன்."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்தவன், செய்ததைச் சொல்லிக்கொண்டே தோளையும் தட்டிக் கொடுக்கிறான்! பாஸ்ரருக்கு அவன் கன்னத்தில் ஒன்று போடத்தான் கை வந்தது. போடவில்லை. படியிறங்கி வீதிக்கு வந்து, எந்தப் பஸ்ஸில் ஏறுவதென்று தெரியாமல் அரைமணி நேரம் நின்றார். தன் பாயில் படுத்தவன், தன் கிடாரத்தைக் கழுவியவன், தான் காய்ச்சலில் கிடந்தபோது தனக்குப் பதிலாகச் செபித்தவன் என்று இவ்வளவு நாளும் நினைத்து நன்றி சொன்ன ஒருவன், அந்த விடியப்புறங்களில் ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்துக்கொண்டிருந்திருக்கிறான். நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது.

எரிந்த நெஞ்சோடு யோகம்மாவிடம் நேரே போயிருக்க வேண்டும். போகவில்லை. நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினார். இரண்டு நாளில் பசி தாங்காமல் அவளே விட்டுவிடுவாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். யுகேந்திரன் அதே மண்டபத்தில் ஒரு கிளைச் சபை தொடங்கி, கப்பல்துறைச் சந்திக்கு ஞாயிறு காலை சனத்தை ஏற்ற ஒரு வானும் அனுப்பினார். அந்த ஞாயிறு தகரக் கூரையின் கீழே பதினொரு குடும்பம்தான் இருந்தது. கிடாரத்தில் கஞ்சி பாதிக்கு மேல் மிஞ்சியது. மண்டபத்துக்குப் பின்னால் போட்ட கதிரையில் ஒருவரும் வந்து அமரவில்லை. ஆண்டவரே நேரே பேசுகிற இடம் இருக்கும்போது, எழுதிக்கொள்கிற ஆளிடம் யார் வருவார்?

ஒன்பதாம் நாள் காலை லக்சாயினி ஓடி வந்தாள்.

"பாஸ்ரர், அம்மா விடிய மயங்கி விழுந்திட்டா. ஒன்பது நாளா வெறும் தேத்தண்ணி மட்டும்தான். குளிசையும் போடுறா இல்லை. ஆஸ்பத்திரிக்கு வாங்கோ எண்டா, அண்ணா ரெலிபோன் எடுக்கிற நேரம் நான் இஞ்ச இருக்கவேணும் எண்டுறா. நான் சொன்னாக் கேக்கிறா இல்லை. நீங்கள் சொன்னாக் கேப்பா."

"நீங்கள் போங்கோ பிள்ளை. வாறன்," என்றார் பாஸ்ரர். அவள் போன பிறகும் கதிரையை விட்டு எழும்பவில்லை. சுலோஜனா குசினி வாசலில் வந்து நின்றாள்.

"என்ன, இருக்கிறியள்?"

அப்போதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னார். திறப்பு கொடுத்தது அவளுக்குத் தெரியும், படமெடுத்தது தெரியாது. யாகேல் கதை தெரியாது. கேட்டு முடிய அவள் முகம் கறுத்துப்போனது.

"கோதாரியில போவான்!" என்றாள் முதலில். அது யுகேந்திரனுக்கு. பிறகு புருஷனைப் பார்த்தாள். "இருபத்தாறு வருசம் உங்களோட வாழுறன். எனக்குக் காட்டாத கொப்பியை மூண்டு கிழமை இருந்தவனுக்குக் குடுத்தியள். சரி, அதை விடுவம். ஒன்பது நாள்! தெரிஞ்சுகொண்டு ஒன்பது நாள் அந்த மனிசியைப் பட்டினி கிடக்க விட்டனீங்கள். அவன் செய்தது ஒரு பக்கம். இது நீங்கள் செய்தது."

"சொன்னால் என்னை ஆர் இனி நம்புவினம், சுலோ?"

"ஒருத்தரும் நம்பாயினம். எழும்பிப் போங்கோ."

யோகம்மா பாயில் படுத்திருந்தாள். உதடு வெடித்திருந்தது. பக்கத்தில் ஒரு கதிரையில் ரெலிபோன், வயரோடு. பாஸ்ரரைக் கண்டதும் சிரிக்கப் பார்த்தாள்.

"வாங்கோ பாஸ்ரர். இன்னும் முப்பத்தொரு நாள்."

பாஸ்ரர் நிலத்தில் அமர்ந்தார். வழியெல்லாம் யோசித்து வைத்த முன்னுரை ஒன்று இருந்தது. அது வாய்க்கு வரவில்லை.

"அக்கா, யுகேந்திரனுக்கு ஆண்டவர் ஒண்டும் சொல்லேல்லை. உங்கட கதை என்ர கொப்பியில இருந்தது. நான் ஆஸ்பத்திரிக்குப் போகேக்க கொப்பியை அவனிட்டக் குடுத்தனான். அதை வாசிச்சுப்போட்டுத்தான் உங்களுக்குச் சொன்னவன்."

யோகம்மா கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"நான் அடிச்சதும் அதில இருந்ததே?"

"ஓம், அக்கா."

கதவடியில் நின்ற லக்சாயினி, "ஆரை அடிச்சது?" என்று கேட்டாள்.

பாஸ்ரருக்கு அப்போதுதான் அவள் அங்கே நிற்பது உறைத்தது. ஒரு பிழையைத் திருத்த வந்த இடத்தில் அதே பிழையை மறுபடியும் செய்துவிட்டார்.

"கொண்ணனை," என்றாள் யோகம்மா. "போகமாட்டன் எண்டு நிலையைப் பிடிச்சுக்கொண்டு அழுதவன். நான்தான் அறைஞ்சு அனுப்பினனான்."

லக்சாயினி தாயின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப என்ர பிள்ளை?" என்று யோகம்மா பாஸ்ரரிடம் கேட்டாள்.

"தெரியாது அக்கா. இருக்கிறானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது."

அவள் அழவில்லை. கையை ஊன்றி மெல்ல எழும்பி, சுவரில் சாய்ந்துகொண்டாள். "லக்சா, சோறு இருந்தாத் தண்ணி விட்டுக் கரைச்சுக்கொண்டு வா," என்றாள். பாஸ்ரருக்கு உயிர் வந்தது. அப்பாடா, சாப்பிடப் போகிறாள், மனுஷி பிழைத்தாள், வந்த காரியம் முடிந்தது என்று ஒரு நிமிடம் நினைத்தார். நினைத்ததற்காகப் பிறகு பலநாள் வெட்கப்பட்டார்.

லக்சாயினி கோப்பையைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் குசினிக்குள் போய்விட்டாள். யோகம்மா வலக்கையை மடியில் வைத்துக்கொண்டு இடக்கையால் கரண்டியைப் பிடித்தாள். இரண்டு வாய் விழுங்கினாள்.

"பாஸ்ரர், மகன் எடுப்பான் எண்டதை நான் பாதிதான் நம்பினனான். பதின்மூண்டு வருசம் போயிட்டுது. எனக்கென்ன விசரே? இந்தக் கையை மன்னிச்சாச்சு எண்டதைத்தான் முழுசா நம்பினனான். அண்டைக்குத்தான், அவன் போன பிறகு முதல்முதலா, நான் விடியும்வரைக்கும் நித்திரை கொண்டனான்."

பாஸ்ரர் தலை குனிந்தார்.

"அதை உங்களிட்டச் சொல்லி ஏழு வருசம். ஒவ்வொரு ஞாயிறும் உங்கட வாயைப் பாத்துக்கொண்டு இருந்தனான். செபிக்கிறன், செபிக்கிறன் எண்டியள். ஆண்டவர் மன்னிச்சிட்டார் அக்கா, போய்ப் படுங்கோ எண்டு ஒரு நாளாவது ஒரு சொல்லுச் சொன்னியளே? அந்தக் கள்ளன்தான் சொன்னவன். நீங்கள் வந்து அதையும் பொய் எண்டுறியள்."

"அது பொய்யில்லை அக்கா." பாஸ்ரர் நிமிர்ந்தார். "அவன் பொய்யன். ஆனா அது பொய்யில்லை. ஆண்டவர் உங்களை மன்னிச்..."

"வேண்டாம், பாஸ்ரர்." யோகம்மா கரண்டியைக் கோப்பையில் வைத்தாள். கோபப்படக்கூட அவளிடம் பலம் இருக்கவில்லை. "இப்ப சொல்லாதேங்கோ. இனி ஆர் சொன்னாலும், கொப்பியில பாத்துச் சொல்லுறதாத்தான் எனக்குக் கேக்கும்."

சொல்லிவிட்டுக் கரண்டியை மறுபடியும் எடுத்தாள்.